கம்மல் சின்னம்

கைத்தடி கேட்டார். படகு கேட்டார்.
அதுவும் இல்லையென்றால் டார்ச் லைட்.
மூன்றும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன.
தேர்தல் அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாராம்:
“கிவியோலெ.”
முப்பது வருஷம் பெங்களூரில் இருக்கும் பாஸ்டர் எல்கானா
கன்னடமே கேட்டிராதவர்போல
இரண்டு தரம் “என்ன, என்ன” என்றாராம்.
கூடப்போன சீயோன்ராஜ் பிரதர்தான்
காதோடு சொன்னார்: “கம்மல், ஐயா.”

எங்கள் சபையில் யாரும் கம்மல் போடுவதில்லை.
லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
டயர் கடை மாடியில்
அறுபத்திரண்டு சகோதரிகள்,
நூற்றிருபத்துநான்கு வெறுங்காது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின ராத்திரி நானும் கழற்றினேன்.
கார்மென்ட்ஸ் சம்பளத்தில் பதினோரு மாசம் சீட்டுக் கட்டி
கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கினது.
நடுவில் ஒரு சிவப்புக் கல், சுற்றி ஆறு வெள்ளை.
இடது திருகாணி வரமாட்டேன் என்றது.
பாஸ்டரம்மா தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தார்கள்.
மறுநாள் அவர் ஒரு பழைய குடும்பத்தின் கதை சொன்னார்:
காதணிகளைக் கழற்றி மரத்தடியில் புதைத்துவிட்டுப்
பயணம் போனவர்களின் கதை.

என்னுடையது மரத்தடிக்குப் போகவில்லை.
மைக் செட் ஆயிற்று.
பிரசங்கத்தின் நடுவே அது கரகரக்கும்போதெல்லாம்
என் சிவப்புக் கல்தான் உள்ளே எங்கோ உரசுகிறது
என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மைக் செட்டைத்தான் ஆட்டோவில் கட்டினோம்.
சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது.
சட்டசபைக்கு என்று வந்தபோது
மைக் என் கைக்கு வந்தது.
ஏனென்றால் எனக்குத்தான் கன்னடம் சரளம்,
தையல் மெஷின் வரிசையில் கற்ற கன்னடம்.
“கிவியோலெகே நிம்ம மத!”
உங்கள் ஓட்டு என்று அர்த்தம்.
டீக்கடையில் ஒருத்தர் தமிழில் சிரித்தார்:
“மதம் கேட்டுத்தானேம்மா வந்திருக்கீங்க?”

சுவரெல்லாம் கம்மல். ஆளுயரம், தொங்கட்டானோடு.
பசை வாளியை நான்தான் தூக்கிப்போனேன்.
மரத்தடியில் புதைத்ததெல்லாம்
ஒரே மழைக்கு முளைத்துவிட்ட மாதிரி இருந்தது.
பையன்கள் ஏரியா பேரையே மாற்றிவிட்டார்கள்:
கம்மனஹள்ளி இல்லை, கம்மலஹள்ளி.

ஜீவனஹள்ளி குழாயடியில் ஒரு பெண்
குடத்தை இறக்காமலே கேட்டாள்:
“சின்னம் சரி. உங்க ஆளுங்க காதுல எங்கே?”
எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருக்கும் பாஸ்டர்
அவள் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு சொன்னார்,
பார் கடைகளை மூடவைப்பேன்,
கல்லறைக்கு இடம் வாங்கித் தருவேன்.
பார் என்றதும் பின்னாலிருந்து விசில்.
கல்லறைக்குத்தான் கொஞ்சம் தலையாட்டினார்கள்.

அது பொய்யில்லை.
என் வீட்டுக்காரர் போன அன்று குழி இல்லை என்றார்கள்.
அந்த மனுஷன் நனைந்துகொண்டே
சாயங்காலம்வரை கேட்டுக்கு வெளியே மன்றாடினார்,
கறுப்புக் குடை கைக்குள் மடங்கியே இருந்தது.
கடைசியில் வேறொருத்தர்மேல் இடம் கொடுத்தார்கள்.
இப்போது என் ஆள்மேலும் இன்னொருத்தர் படுத்திருக்கிறார்.
பேர்கூடத் தெரியாது.
அங்கே பூ வைக்கும்போது அவருக்கும் சேர்த்துத்தான் வைக்கிறேன்.

மே மாதம். பள்ளிக்கூடத்தில் நீள வரிசை.
முன்னால் நின்றவள் காதில்
ஜிமிக்கி ஆடிக்கொண்டே இருந்தது.
அட்டை மறைப்புக்குள் போனேன்.
வரிசை எண் பன்னிரண்டு,
எல்கானா துரைசிங்கம்,
பக்கத்தில் கம்மல்.
அவருக்காகவா, குழிக்காகவா,
அந்தக் கல்லுக்காகவா என்று கேட்காதீர்கள்.
ரகசிய வாக்கு.

பீப் என்றது.
பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கெரிந்தது.
துண்டுச் சீட்டில் கம்மல், ஜோடியாக,
எனக்கு மட்டும், ஏழு விநாடி.
கை தானாக இடது காதுக்குப் போனது.
துளை இன்னும் தூரவில்லை.

சீட்டு அறுந்து
உள்ளே விழுந்தது.