கால் திருப்பு

வேலூரில் ரூம் ஹீட்டரா என்று
பழைய இரும்புக் கடை ஷபீர் சிரித்தார்.
"இன்னா ஏகாம்பரம், மொட்டை மலைச் சூடு பத்தலியா ஒனக்கு?"
சிரித்துக்கொண்டே தேடியும் கொடுத்தார்,
ஆம்பூர் பைபாஸில் மூக்குடைந்த லாரியின் ரேடியேட்டர்.
எடைக்குப் போட்டு அறுநூறு ரூபாய்.

காந்தி ரோட்டுச் சந்தில் எங்கள் லாட்ஜ்.
மூன்று மாடி, இருபத்தாறு அறை,
மொட்டைமாடியில் ஒரே ஒரு விறகு பாய்லர்.
வெந்நீர் காலை ஐந்து முதல் ஏழு வரை என்று
நான்கு மொழியில் எழுதியிருக்கும்.
நான்கிலும் யாரும் படிப்பதில்லை.

முந்நூற்று நாலில் தபன் மண்டல்.
மருந்து ஏறிய இரவுகளில்
மூன்று கம்பளிக்கு அடியிலும் பல் தந்தியடிக்கும்.
கரன்ட் அடுப்பு வைத்தால்
மாடி முழுக்க ஃப்யூஸ் போகும்.
மார்கழிப் பனி
ஊருக்கு இதம், அவருக்கு ஊசி.

பாய்லருக்குள் செம்புச் சுருள் இறக்கினேன்,
குளிக்கிற தண்ணீரோடு ஓடுகிற தண்ணீர் கலக்காதபடி.
ஒரு குழாய் போக, ஒரு குழாய் வர,
சின்ன மோட்டார், சுவரில் ரேடியேட்டர்,
அதன் முதுகில் ஏர்கூலரிலிருந்து கழற்றிய விசிறி.
மே மாதம் முழுக்கக் குளிரை ஊதியது
இப்போது சூட்டை ஊதும்.
விசிறிக்கு என்ன தெரியும்.

முதல் ராத்திரி கீழ்ப்பாதிதான் சுட்டது.
மேலே காற்று அடைத்திருந்தது.
ஸ்க்ரூவைத் தளர்த்த
நீளமாய் ஒரு பெருமூச்சு,
பிறகு கறுப்புத் தண்ணீர், பிறகு சூடு.
தபன் கட்டிலிலிருந்து கை நீட்டித் தொட்டார்
மாட்டின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

விடிந்தால் இரண்டாம் மாடியே பக்கெட்டோடு நிற்கிறது.
"டண்டா பானி! டண்டா பானி!"
ராத்திரி முழுக்க அந்த ஒரு அறை குடித்துவிட்டது.
விறகைக் கூட்டினேன், புகைதான் கூடியது.
"மூடுய்யா அத்த" என்றார் முதலாளி.
மூடினால் ஒருவர் நடுங்குவார், திறந்தால் இருபது பேர்.
சுலபமான கணக்குதான்
முந்நூற்று நாலுக்குள் போய் நிற்காத வரை.

வால்வின் பக்கத்திலேயே படுத்தேன் மறுநாள்.
குளிக்கப் போன சூடு சாக்கடையோடு சரி.
அறைக்குப் போனதோ திரும்பி வருகிறது,
கடைக்கு அனுப்பிய பிள்ளை
மிச்சக் காசைக் கொண்டுவருகிற மாதிரி
கொஞ்சம் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.
குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நாலு மணிக்கு ஷெபாலி மேலே வந்தாள், அவர் மனைவி.
ஒன்பது மாத லாட்ஜ் தமிழ்.
"அண்ணா, சுவர் சூடு இருக்கு. நான் கை வச்சேன்.
இப்போ கொஞ்சம் மட்டும் விடு, ஏழுக்கு முழுசா விடு.
கீழே இருநூத்தி ஒன்பது, இன்னிக்கு ஆபரேஷன்.
அவங்க குளிக்கணும்."

சுவருக்கு மூன்று மணி நேரம் ஞாபகம் இருக்கும் என்று
பத்தொன்பது வருஷ பிளம்பிங்கில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அரைத் திருப்பில் பக்கெட் ஆறியது.
கால் திருப்பில் இரண்டும் நின்றது.
நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து
கைப்பிடி நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டினாள்.

மாசியில் அறையைக் காலி செய்தார்கள்.
ரசீதில் கையெழுத்துப் போடும்போது
அவர் விரல் ஆடியது. குளிர் இல்லை அன்றைக்கு.
நான் கேட்கவில்லை.

இப்போது அக்னி நட்சத்திரம்.
பாய்லர் மூடிமேல் வடகம் காய்கிறது.
டேங்குத் தண்ணீரே கையைச் சுடுகிறது,
பச்சைத் தண்ணீர் கேட்டு அதே பக்கெட்டுகள் வருகின்றன.
முந்நூற்று நாலின் புது ஆள்
சுவரில் எதுக்கு லாரி என்கிறார்.

வெயிலில் பொட்டு வெளுத்திருக்கிறது.
கோந்து இளகி
ஒரு நூல் கீழே இறங்கியும் இருக்கிறது.
கட்டைவிரலால் மேலே தள்ளி
அழுத்திப் பிடித்தேன்.