நிலா எந்தப் பிரிவு?

ஃப்ளோரோ கப்பல் பட்டறையில்
நேர்காணல் அறைக்கு இரண்டு சன்னல்;
இரண்டிலும் மழை.

"இதுவரை எதைச் செய்து முடித்திருக்கிறாய்?"
என்றார் ஹால்வர்ட், படகின் கூட்டைக் கட்டுபவர்.
இங்குன் யோசித்தாள்.
ஐந்து வருட இயற்பியல்.
உராய்வு இல்லை எனக் கொள்க.
கயிற்றுக்கு எடை இல்லை எனக் கொள்க.
கொண்டு கொண்டு கடைசியில்
கையில் மிஞ்சியது ஒரு பட்டமும்
படிப்புக் கடனும்.

"ஒன்றும் செய்ததில்லை. ஆனால்
என் கருவியில் தினமும் பதினொன்றேகாலுக்கு
ஓர் இரைச்சல் வரும்.
ஆறு வாரம் தேடினேன்.
கீழ்த்தளக் கேன்டீனில்
பாத்திரம் கழுவும் எந்திரம்
அப்போதுதான் சுழலத் தொடங்கும்.
சமையற்காரரிடம் பேசி
அரைமணி தள்ளிவைத்தேன்."

ஹால்வர்ட் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
மின்பிரிவு யோரன் மட்டும்
பேனாவை மூடிவைத்துவிட்டு
அவளை நிமிர்ந்து பார்த்தார்.
திங்களன்று வரச் சொன்னார்கள்.

அமைப்புப் பொறியாளர்.
எதை அமைப்பாய் என்று கேட்ட தங்கைக்கு
அவளால் சொல்ல முடியவில்லை.
பெயர்ச்சொல் எல்லாம் பிறரிடம் இருந்தன:
பேட்டரி, கூடு, சுக்கான், கதவு.
வினைச்சொல்லும் அவர்களிடமே:
வெட்டு, ஒட்டு, முறுக்கு.
இவளுக்கென்று விட்டுவைத்தவை
ஐ, கு, ஓடு, உம்.
தனியே நின்றால் பொருள் இல்லை;
உதிர்ந்து போனால்
ஒரு வாக்கியமும் கரை சேராது.

மார்ச்சில் மின்படகு நீரில் இறங்கியது.
துறையிலிருந்து மின்னேற்றும் கை
மெல்ல நீண்டு வந்து
படகின் துளைக்கு முப்பது சென்டிமீட்டர் மேலே
வெறும் காற்றைக் குத்தியபடி நின்றது.

கூடு வரைபடப்படி சரி.
கை வரைபடப்படி சரி.
இரண்டு சரிகளும்
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.
ஹால்வர்ட் யோரனைப் பார்க்கவில்லை,
யோரன் ஹால்வர்டைப் பார்க்கவில்லை.

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.
துறைத்தூணில் பாசிக்கோடு
ஆளுயரத்துக்கும் மேலே இருந்தது.
முந்தாநாள் அமாவாசை.

"நிலாவை எந்தப் பிரிவில் போட்டிருக்கிறோம்?"

யாரோ சிரித்தார்கள்.
பிறகு பட்டியலைப் புரட்டினார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு வரி; நிலா இல்லை.
மூன்றாம் பக்க அடிக்குறிப்பில் மட்டும்
பொடி எழுத்தில்:
ஓதம் சராசரி எனக் கொள்க.

பழைய சிநேகிதியை
முகவரி தெரியாத ஊரில் கண்டதுபோல்
அந்தக் 'கொள்க'வைப் பார்த்து நின்றாள்.
அடித்துவிட்டு
நானூற்றுப் பதின்மூன்றாம் வரியைச் சேர்த்தாள்.

நிலா. பொறுப்பு: இங்குன்.

ஹால்வர்ட் கையெழுத்திட்டார்,
ஒரு கண் சன்னலுக்கு வெளியே.
மழையில் வானமே தெரியவில்லை.