நகர்ந்தாளா

டிசம்பர். ராமகிருஷ்ணபுரம் மைதானத்தில்
இரண்டாம் பேஸ் வரைதான் பனி கலைந்திருக்கிறது.
"டெட் பால்" என்று நான் கத்தியது
எனக்கே தூரத்தில் கேட்கிறது.
ஜஸ்லீன் சட்டையை மடித்துக் காட்டுகிறாள்:
முழங்கைக்கு மேலே
பந்தின் தையல்கூடப் பதிந்திருக்கிறது,
சிவப்பாய், ஏழெட்டுப் புள்ளி.

பட்டதா என்று யாரும் கேட்கவில்லை.
விதி கேட்பது வேறு:
விலகப் பார்த்தாளா,
வேண்டுமென்றே கையைக் கொடுத்தாளா?

முகமூடிக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம்
எனக்குக் கிடைத்தது அரை நொடி.
அதில் அவள் தோள் லேசாகத் திரும்பியது.
பயத்திலா தந்திரத்திலா,
தோளுக்கே தெரிந்திருக்காது.

"அவள் நகரவே இல்லை மேடம்!"
எதிரணிக் கோச் தஹியா
கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

நானும் ஒருமுறை நகரவில்லை.
மோதி பாக் தாண்டி, நெரிசல் பஸ்ஸில்.
ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர்
பேனாவைத் தூக்கி
இதையேதான் கேட்டார்.

அது வேறு, இது வேறு.
தெரியும்.
தெரிந்தேதான்
முதல் பேஸைக் காட்டிக் கை நீட்டுகிறேன்.

ஜஸ்லீன் ஓடவில்லை.
கையைத் தேய்த்தபடி நடக்கிறாள்.
பாதி வழியில் திரும்பி
என்னைப் பார்க்கிறாள்.
சிரிப்பா அது?

ஹோம் பிளேட்டின் மண்ணைத் துடைக்கிறேன்,
தேவைக்கு மேல் நேரமெடுத்து.