எண்ணிக்கை

ஜனவரியில் பத்து மணிக்கும் இங்கே விடிவதில்லை.
குளத்தின் அடியில் விளக்குகள் எரியும்,
மேலே ஆவி.
ஹூசாவிக் ஊரின் திறந்தவெளி வெந்நீர்க் குளம் இது.
கண்ணாடி அறையில் உட்கார்ந்து
தலைகளை எண்ணுவது என் வேலை.

நான்காம் வகுப்பில் பதினேழு தலை.
பதினேழும் பள்ளி கொடுத்த மஞ்சள் தொப்பிக்குள்.
கொதிக்கும் பானையில் எழுந்தமிழும் முட்டைகள்,
எது எதுவென்று யார் கண்டது?

ஒருத்தியைத் தவிர.

சோல்ரூனின் மச்சம்
இடது நெற்றியில் தொடங்கிக் கண்ணைச் சுற்றி
கன்னத்தில் அகன்று தாடையில் முடியும்.
பீட்ரூட் சாறு சிந்தித் துடைக்காமல் விட்ட நிறம்.
வெந்நீரில் சிவக்கும், குளிரில் கறுக்கும்.
சொல்லிவிடுகிறேன்:
எண்ணிக்கையை நான் அவளிடமிருந்துதான் தொடங்குவேன்.
அவள் ஒன்று, பக்கத்தில் இரண்டு,
அப்படியே வலமாகப் போவேன்.
வசதியாக இருந்தது.
அவளைக் கேட்டதில்லை.

ஆவிக்குள் ஒளிந்து விளையாடினால்
முதலில் அகப்படுவதும் அவள்தான்.
"சோல்ரூன், பாத்துட்டேன்!"
டெய்டுருக்குக் கெட்ட எண்ணம் இல்லை,
கண் இருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள்:
வலப்பக்கம் மட்டும் காட்டினால்
தான் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.
இடது கன்னம் சுவர் ஓடுகளை உரச
ஓரமாகவே நீந்தினாள்.
மூன்று நாள் யாராலும் பிடிக்க முடியவில்லை.
நான்காம் நாள் ஆசிரியர் அவளைப் பார்த்து
"ஈசோல்ட், காலை நீட்டி உதை!" என்றார்.
ஈசோல்ட் எதிர்க்கரையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.
சோல்ரூன் ஒரு நொடி நின்றாள்.
பிறகு காலை நீட்டி உதைத்தாள்,
ஈசோல்டாகவே.

ஐந்தாம் நாள்
எனக்கு ஒன்றைக் காணோம்.
தொடங்குமிடம் இல்லாமல் எண்ணினேன்.
பதினாறு. பதினெட்டு. மறுபடி பதினாறு.
விசிலைக் கடித்துக்கொண்டு
செருப்பில்லாமல் பனியில் ஓடினேன்.
"எல்லாரும் மேலே! மேலே!"

உடம்பெல்லாம் ஆவி பறக்க
நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.
குளத்தில் விளக்குகள் மட்டும்.
"சோல்ரூன் எங்கே?"
அது என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

வரிசைக் கடைசியில் ஒரு பிள்ளை
மெல்லத் திரும்பினாள்.
முழு முகம். மச்சம் ஊதாவாகியிருந்தது.
"இங்கேதான் இருந்தேன்."
பயந்துதான் இருந்தாள்.
ஆனால் உதட்டோரம்
ஜெயித்தவளின் சிரிப்பு ஒன்று
அடங்காமல் துடித்தது.

மதியம் கண்ணாடி அறைக்கு வந்தாள்.
"பதினேழு பேரில் ஏன் என்னை மட்டும் தேடினீங்க?"
சொன்னேன். வேறு என்ன செய்ய?
ஈரக் கையால் என் விசிலை உருட்டிப் பார்த்தாள்.
"ஈசோல்டா இருக்கிறது போர்" என்றாள் முதலில்,
தனக்குத்தானே.
அப்புறம் என்னிடம்:
"நாளைக்கு வேற யார்கிட்டயாவது தொடங்குங்க.
நான் நடுவில் வர்றேன்."
அது கெஞ்சல் இல்லை. உத்தரவு.
போகும்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்து
தொப்பி அழுத்திய தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.
தடத்தை மட்டும்.

எனக்குத்தான் வேலை கூடியது.
டெய்டுரின் காது தொப்பியை எங்கே புடைக்கும்,
ஈசோல்ட் திரும்புமுன் எப்படி இருமுறை துப்புவாள்,
பதினேழையும் படிக்க ஏப்ரல் ஆகிவிட்டது.
அதற்குள் சுவரோரம் காலியாகியிருந்தது.
அவள் நடுத்தடத்தில், அண்ணாந்து,
வானம் பார்த்து நீந்தினாள்.

பனி உருகிய வாரம்
க்டான்ஸ்கிலிருந்து ஒரு புதுப் பையன், யாசெக்.
மொழி தெரியாது.
சோல்ரூனைப் பார்த்தான், தன் கன்னத்தைத் தொட்டான்,
புருவத்தால் கேட்டான்.
கரையில் பேச்சு நின்றது. நானும் எழுந்துவிட்டேன்.

அவள் இல்லாத குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தித் தாலாட்டினாள்,
அதன் கன்னத்தைச் சுட்டினாள், பிறகு தன் கன்னத்தை.
தோளைக் குலுக்கினாள்.
தண்ணீரைக் காட்டி, வர்றியா என்று
தலையாட்டிக் கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் குதித்தாள்.

உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன்.
பதினெட்டு பேர்.
அன்று அவள் பதினொன்று.