தண்ணீர் குடிக்கத் தெரிந்தவர்

திங்களன்று பார்த்த படம் சுமார்.
கொள்ளைக்காரர்கள் ஆறு பேர், மூளை ஒருவனுக்கும் இல்லை.
வங்கிக்குள் புகுந்தபின்
வெளியே வரும் வழியை யோசிக்க முக்கால் மணி நேரம்.
பைசந்தூ மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
என் ரத்தமே குழாய் வழியே வெளியே போய்
குளித்துவிட்டு வீடு திரும்புகிறது.
அதற்குத் தெரிந்த வழி
இவர்களுக்குத் தெரியவில்லை.
டயர் கடைக்காரன் நான்;
கதையில் காற்று எங்கே இறங்குகிறதென்று
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

நான்கு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி.
ரிமோட் சுல்மாவிடம்.
வரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவள்,
வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை.

வாஷிங்டனுக்கு உயிர் எவுசேபியோ லரிந்தா,
எல்லாப் படத்திலும் சாகிறவர்.
"குதிரையிலிருந்து விழுந்து, காய்ச்சலில், மைத்துனன் கையால்...
ஒருமுறை செத்த மாதிரி மறுமுறை சாகமாட்டார்!"
"செத்த பிறகும் இமை ஆடுதே" என்பாள் சுல்மா.
சின்னவன் நெரிக்கு கார்கள் மோதினால் போதும்,
மோதாத நேரத்தில் தூங்குவான்.

என் கட்சி வேறு.
எனக்கு நீடியா பெர்தோலோ.
மூக்கு கொஞ்சம் கோணல்,
காதல் வசனத்தை மளிகைச் சீட்டு போல வாசிப்பார், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில்
புருஷன் விட்டுப்போன மறுநாள் காலை
சமையலறைக் குழாயைத் திறந்து
ஒரு குவளை நிறைத்து
நின்றபடியே குடிப்பார்.
வெட்டில்லை, இசையில்லை.
தொண்டை ஏறி இறங்கும்,
ஏழு தடவை.
அப்புறம் புறங்கையால் வாயைத் துடைப்பார்,
அவ்வளவுதான்.

எங்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர்.
சூப்பும் கணக்கு, ஆரஞ்சுச் சுளையும் கணக்கு.
ஊரே கக்கத்தில் வெந்நீர்க் குடுவை இடுக்கி
மாத்தே உறிஞ்சித் திரியும் நாட்டில்
பனிக்கட்டித் துண்டை மிட்டாயாகச் சப்புகிறவர்கள் நாங்கள்.
அன்று யாரும் பேசவில்லை.
நெரிகூடக் கண் விழித்திருந்தான்.
தாதி மாபெல் எட்டிப் பார்த்து
"யாருக்காவது தலை சுத்துதா?" என்றாள்.

அதிலிருந்து மதிப்பெண் முறை மாறிப்போனது.
போர்ப்படத்தில் தளபதி குப்பியைச் சாய்த்தார்,
உள்ளே ஒன்றுமில்லை, கை கனமே காட்டவில்லை. பூஜ்யம்.
காதல் படத்தில், உணவக மேசைமேல்
விளிம்புவரை இரண்டு கண்ணாடிக் குவளைகள்.
பிரிந்தார்கள், அழுதார்கள், எழுந்து போனார்கள்,
ஒரு வாய் தொடவில்லை.
"கொலைகாரப் பாவிங்க" என்றாள் சுல்மா.
வாஷிங்டன் தன் ஆளுக்காக வாதாடினான்:
"சாகும்போது தண்ணி கேப்பார், ஒருத்தனும் தரமாட்டான்.
தந்திருந்தா
இன்னும் கால்மணி நேரம் நடிச்சிருப்பார்."

ஒரு புதன்கிழமை நெரியின் நாற்காலி காலி.
சுல்மா ரிமோட்டைத் தொடவில்லை.
சமையல் நிகழ்ச்சி தானாக ஓடியது;
யாரோ கோழியை அவித்து
அந்தத் தண்ணீரைக் கொட்டினார்கள்.
மாபெல் வரும்வரை
நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"மொந்தெவிதேயோலேர்ந்து ராத்திரி கூப்பிட்டாங்க,
கிட்னி கிடைச்சிருக்கு.
ஏன், உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பத்து நாள் கழித்து ஒரு காணொளி.
பச்சை அங்கி, வீங்கிய முகம், கையில் பிளாஸ்டிக் குவளை.
"மூணு லிட்டராம், கட்டாயமாம்!"
சொல்லிவிட்டுக் குடிக்கிறான்.

சுல்மா கைபேசியைக் கண்ணருகே பிடித்து
மூன்று தடவை ஓட்டினாள்.
"அவசரம். கொஞ்சம் மிகை நடிப்பு.
மோவாயில வழிஞ்சதைத் தொடைக்கல பாரு."
"கேமரா ஆடுது" என்றான் வாஷிங்டன்.
எனக்குப் பதினொன்று வந்தது, நீடியாவைவிட நான்கு அதிகம்.
எண்ணிக்கையை வைத்து முதலிடம் தருவதில்லை,
அதை அப்போதே சொல்லிவிட்டேன்.
"ஆனா பையன் தேறிடுவான்" என்றாள் சுல்மா,
ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

இன்றைக்குக் கடல் படம்.
இடைவேளைக்குள் கப்பல் முழுகிவிட்டது,
திரை கொள்ளாத தண்ணீர்.
உப்புத் தண்ணீர்.
அது கணக்கில் வராது.