ஆறாம் ரீல்: தொடர்ச்சிக் குறிப்பு

பத்து சென்ட் பத்திரிகையில் அவன் புகைமுகன்.
சாவித்துளை வழியே நுழைவான்,
அட்டைப்படத்தில் மஞ்சளும் சிவப்புமாய்
ஒரு நகரமே அவன் காலடியில் எரியும்.
எங்களிடம் ஆறு நாள் இருந்தது.
சன்செட் சாலைக்குப் பின்னால்
எலுமிச்சை வாசம் போகாத ஒரு பழைய கிடங்கு இருந்தது.
புகைக்குப் பணம் இல்லை.

"கதவைத் திறந்துகொண்டே வரட்டும்,
திருடனும் அப்படித்தானே வருகிறான்"
என்றார் ஓட்டோ க்ரெஸ்,
சுருட்டை அணைத்து மிச்சத்தைச்
சட்டைப்பையில் பத்திரப்படுத்தியபடி.

ஒரே ஒரு நடைக்கூடம்.
மான்தலை மாட்டினால் கோடீசுவரன் மாளிகை,
கழற்றினால் சிறைச்சாலை,
மூலையில் பித்தளை எச்சில்பாத்திரம் வைத்தால்
சிகாகோவில் ஒரு ஓட்டல்.

நான் தொடர்ச்சி பார்ப்பவள்.
யார் தொப்பி எந்தச் சாய்வில்,
துப்பாக்கி எந்தக் கையில்,
சிகரெட்டில் எத்தனை விரற்கடை மிச்சம்
எல்லாம் என் அட்டையில், பென்சிலில்.
நான் எழுதாவிட்டால்
செவ்வாய்க்கிழமை செத்தவன்
வியாழக்கிழமை காபி குடிப்பான்.
ஒருமுறை குடித்தான்.
பிலிம் வீணாகும் என்று விட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் லாயல் பெக்வித் வரவில்லை.
நாலு நாள் சம்பளம் பாக்கி.
முகமூடியை நாலாய் மடித்து
நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தான், கனவான்;
அதன் கீழே
சாப்பாட்டுக்கடை பில், எங்கள் பெயரில்.

ஓட்டோ சுற்றுமுற்றும் பார்த்தார்.
விளக்குக்காரன் டஃபி ஆறடி நாலங்குலம்.
தச்சனுக்கு முழங்காலில் வாதம்.
வில்லனோ ஏற்கெனவே மூன்று வேஷம் போட்டாயிற்று,
தன்னைத்தானே துரத்த அவனாலும் ஆகாது.
"வில்மா," என்றார்,
"உன் காலணி என்ன அளவு?"

மேலங்கிக்குள் அந்துருண்டையும்
லாயலின் வியர்வையும்.
பூட்ஸ் முனையில்
காட்சி நாற்பத்திரண்டைக் கசக்கித் திணித்தேன்;
எப்படியும் வெட்டிய காட்சிதான்.
இரண்டு பழப்பெட்டி உயரத்திலிருந்து குதித்தேன்,
அது மூன்றாம் மாடி.
ஒரு வங்கி முதலாளியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன்,
அவர் தாமாகவே எம்பி உதவினார்.
மான்தலைக்கு அடியில் ஓடினேன்,
மான்தலை இல்லாமல் ஓடினேன்,
எச்சில்பாத்திரத்தைத் தாண்டி ஓடினேன்.
சிரிப்பு மட்டும் என்னுடையதில்லை.
முதல் ரீலில் லாயல் சிரித்ததை
வெட்டி என் வாயில் ஒட்டினார்கள்.

அன்றைக்கு அட்டையில் யாரும் எதுவும் எழுதவில்லை.
எழுத வேண்டியவள் சட்டகத்துக்குள் இருந்தாள்.

நவம்பரில் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஓடியது,
டிக்கெட்டுக்குப் பாத்திரம் இலவசம் என்ற புதன் இரவில்,
இரட்டைப் படத்தில் இரண்டாவதாக.
முதல் படத்தோடு பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள்.
முதல் ஐந்து ரீலும் லாயல்,
தோளை அகட்டி, முகவாயை நீட்டி.
ஆறாவதில் நான்.
எனக்குப் பின்வரிசையில் ஒரு பையன் சொன்னான்:
"டேய், ஆள் குட்டையாயிட்டான்."
பக்கத்தில் யாரோ சின்னப் பெண்,
சோளப்பொரி மென்றுகொண்டே:
"புகைதானே. புகைன்னா குறையும்."
பையன் அதற்கப்புறம் பேசவில்லை.

ஏழாயிரம் டாலரில் எடுத்த படத்தில்
அந்த ஒரு வசனம் எங்களுக்கு அமைந்திருக்கலாம்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருட்டிலேயே எழுதினேன்,
பழக்க தோஷம்:
முகமூடி இடப்பக்கம் சாய்வு.
கீழ்ப்பொத்தான் திறந்திருக்கிறது.
விளக்கை அணைக்க நீளும் கையில்
பெண்கள் கடிகாரம், மெல்லிய வார்.
கதையில் நள்ளிரவு. கடிகாரத்தில் மூன்று பத்து.

வாசலில் ஒரு குழம்புக் கிண்ணம் தந்தார்கள்.
வீட்டில் இதே வரிசையில் இரண்டு உண்டு.
பஸ்ஸில் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன்:
அவற்றில் ரோஜா கைப்பிடிக்கு வலப்புறம்.
இதில் இடப்புறம்.