பத்துக்கு எத்தனை

வார்டில் ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிறேன்,
"வலி பத்துக்கு எத்தனை?"
பூஜ்யம் என்பவரை நம்புவதில்லை.
பத்து என்பவரின் கையை முதலில் பிடித்துக்கொள்வேன்.
எண்ணைச் சார்ட்டில் எழுதி
நேரம் போட்டுக் கையெழுத்திடுவேன்.

பிசியோதெரபி நஸ்ரீன்
என் இடது தோளில் கட்டைவிரலை அழுத்தி
அதே கேள்வியைக் கேட்டபோது
"ஒண்ணுமில்ல" என்றேன்.
ஒண்ணுமில்ல ஒரு எண் இல்லையே என்றாள்.

ஃபஹாஹீலில் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய குளம்.
செவ்வாய், வியாழன், இரவு எட்டிலிருந்து ஒன்பதரை
பெண்கள் நேரம்.
கடியப்பட்டணத்தில் பிறந்தும்
கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவள்
முப்பத்தெட்டு வயதில் அங்கேதான்
மூக்கில் குளோரின் ஏற ஏற நீந்தப் படித்தேன்.
ரமலானுக்கு முன்பு இருபது நீளம்.
பெருநாள் லீவு முடிந்ததும் அறுபது.
மே மாதம் அல் கைரானில்
கடலில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறார்களாம்,
பெயர் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் வாரம்
உள்ளாடைக் கொக்கிக்குக் கை போகவில்லை.
மேல்தட்டிலிருந்து சலைன் எடுக்க
வார்டு பாயைக் கூப்பிட்டேன்.
ஜெல் தடவினேன், மாத்திரை போட்டேன்,
வலி மறைந்த அந்த நாலு மணி நேரத்துக்குள்
போய் இன்னொரு நாற்பது நீந்தினேன்.
நோயாளி யாராவது இப்படிச் செய்திருந்தால்
கத்தியிருப்பேன்.

நஸ்ரீன் குளத்துக்கே வந்தாள்.
நீந்தவில்லை, கால்களைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.
"உன் கை தண்ணீருக்குள் திருடன் மாதிரி நுழைகிறது,
கட்டைவிரல் முதலில்.
அப்புறம் தலைக்கு முன்னால் குறுக்கே போய்
அந்தப் பக்கத்து வீட்டையும் தட்டுகிறது.
ஏன் வலப்பக்கம் மட்டும் மூச்செடுக்கிறாய்?
உடம்பின் பாரம் முழுக்க அந்த இடது கையில்."

காரணத்தைச் சொல்லவில்லை.
இடப்பக்க லேனில் மேட்ரன் சாறாக்குட்டி.

"எந்தப் பக்கம் படுப்பாய்?"
இடப்பக்கம், சுவரைப் பார்த்து.
ரூத்மேரி நைட் டியூட்டி முடிந்து வந்து
விளக்கைப் போட்டால் கண்ணில் அடிக்கும்.
"தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்று.
அப்போதும் சுவர்தான், தோள் மட்டும் வேறு."
பன்னிரண்டு வருடக் கட்டிலில்
இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து வாரம்.
அலமாரிக் கைப்பிடியில் ரப்பர் பட்டை,
விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டு,
துண்டு விழாமல் முன்கையை வெளியே திருப்பு, பதினைந்து.
ரூத்மேரி முதல் நாள் சிரித்தாள்,
நாலாம் நாள் பட்டையின் மறுமுனையைக் கேட்டாள்.
குளத்தில் கைகள் உடம்போடு ஒட்டியிருக்க
கால் மட்டும்.
ஷ்வே ஷ்வே என்றாள் நஸ்ரீன்.
காலையில் மறந்துபோகும் நோவென்றால் கூலி,
நடுராத்திரி எழுப்பும் வலியென்றால் கடன்.
கடனைப் பற்றி எங்களுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மே வந்தது.
அல் கைரானுக்கு நான் போகவில்லை.

ஜூனில் ஒரு வியாழன்.
பத்து நீளம்தான் அனுமதி.
சுண்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து நுழைய,
மூன்று வீச்சுக்கு ஒருமுறை
பக்கம் மாற்றி மூச்சு.
முதன்முறையாக இடப்பக்கம் திரும்பினேன்.
வாய்க்குள் பாதி தண்ணீர்,
மீதியில் மேட்ரன்.
தொப்பிக்குள் தலை சிறுத்து,
தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை
நீல டேப் ஒட்டியிருந்தது.

சுவரைப் பிடித்து இருவரும் இளைத்தோம்.
டேப்பைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.
வேறென்ன கேட்பது, வாயில் வந்ததைக் கேட்டேன்:
"பத்துக்கு எத்தனை, மேடம்?"

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மூணு. நாலானா கேறிடும்.
நினக்கு?"

தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தேன்,
சும்மா சொல்லிவிடக்கூடாதென்று.

"ரெண்டு" என்றேன்.
சார்ட்டில் எழுதிக்கொள்ளலாம்.